மியூஸ் நதியும் கிள்ளான் நதியும்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள்முன் ஒரே ஒரு கேள்வியை வைக்க வந்திருக்கிறேன். 1940ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழாமல் இருந்திருந்தால், கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காஜாங்கிலும் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த நம் மக்களுக்கு என்ன நடந்திருக்கும்?

நடக்காததைப் பேசி என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் ரயில்பாதை போடச் சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு வரும்போதெல்லாம் கடைசியில் வந்து விழும் சொல் 'தலையெழுத்து'. தாத்தா போனார், திரும்பவில்லை, தலையெழுத்து. அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல் போதவில்லை. அவர்கள் சாவுக்குப் பின்னால் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. அதன் ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒரு மனிதர், ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு நாளில் எடுத்த முடிவு. வேறுவிதமாக எடுத்திருக்கக்கூடிய முடிவு. அதைக் காட்டுவதற்குத்தான் இந்தக் கேள்வி.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வியை வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிரான்ஸ் சரணடையாமல் வட ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் போரைத் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்களே கூட்டாகச் சேர்ந்து பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பாரிஸ் வரும், பெர்லின் வரும், அல்ஜியர்ஸ் வரும். நம்முடைய தோட்டத்து லயங்களை அந்தக் கணக்கில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

இப்படிக் கேட்பதற்கு ஒரு நெறி உண்டு. நினைத்ததையெல்லாம் மாற்றக்கூடாது. உண்மையிலேயே நடக்கவிருந்து நூலிழையில் தவறிப்போன ஒன்றை மட்டும் மாற்றி, அதன்பின் வருவதைப் பொறுமையாகப் பின்தொடர வேண்டும். 1940இல் அப்படி நூலிழையில் தவறியது ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டு.

1940 ஜனவரி 10 அன்று ஒரு ஜெர்மானியச் சிறு விமானம் வழி தவறி, பெல்ஜியத்தில் மெக்கெலன் என்ற ஊருக்கு அருகில் தரையிறங்கியது. அதில் இருந்த அதிகாரியிடம் மேற்கு ஐரோப்பாவைத் தாக்கும் திட்டத்தின் தாள்கள் இருந்தன. எரிக்கப் பார்த்தார், முழுதும் எரியவில்லை. பெல்ஜியர் கையில் சிக்கின. அந்தப் பழைய திட்டம், 1914இல் செய்ததைப் போலவே பெல்ஜியச் சமவெளி வழியாகப் பெரும்படையை நகர்த்துவது. பிரான்சின் தலைமைத் தளபதி கமெலின் எதிர்பார்த்துக் காத்திருந்ததும் அதையேதான். திட்டம் கசிந்தபிறகு, பல வாரங்களாக வேறொரு யோசனையைச் சொல்லிவந்த மான்ஸ்டைன் என்ற தளபதிக்குக் காது கொடுக்கப்பட்டது. பிப்ரவரி 17 அன்று அவர் ஹிட்லரை நேரில் சந்தித்தார். டாங்கிகளை ஆர்டென் காட்டு மலைப்பாதை வழியாகக் கொண்டுபோய், செடான் நகரருகே மியூஸ் நதியைக் கடந்துவிடலாம் என்பது அவருடைய யோசனை.

பிரான்சிடம் படை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டாங்கி எண்ணிக்கையில் பிரான்ஸ் ஜெர்மனிக்குக் குறைந்ததில்லை. பீரங்கியில் மிஞ்சியே இருந்தது. தவறு வேறிடத்தில் நடந்தது. தேவைப்பட்ட இடத்துக்கு அனுப்புவதற்காக வைத்திருந்த 7ஆம் படையை கமெலின் நெதர்லாந்து நோக்கி அனுப்பிவிட்டார். ஆர்டென் வழியாகப் பெரும்படை வராது என்று முடிவு கட்டிக்கொண்டு, செடானில் வயது கூடிய, பயிற்சி குறைந்த சேமப்படையினரை நிறுத்தினார்கள்.

மே 10 அன்று தாக்குதல் தொடங்கியது. 41,000 வண்டிகளுக்கு மேல், குறுகிய காட்டுச் சாலைகளில், ரைன் நதிவரை வால் நீண்ட ஒரே நெரிசல். நகர முடியாமல் நின்ற அந்த வரிசையைப் பிரெஞ்சு விமானிகள் இரவில் பார்த்தார்கள், வந்து சொல்லவும் செய்தார்கள். மேலே இருந்தவர்கள் அதை நம்பவில்லை. கோவலனின் சிலம்பை ஒருமுறை உடைத்துப் பார்த்திருந்தால் மதுரை எரிந்திருக்காது என்று நாம் சொல்வதில்லையா, அதுபோன்ற ஒரு கணம் இது. கையெட்டும் தூரத்தில் சான்று இருந்தது, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாட்களில் ஒரு குண்டுவீச்சுப் படையைக் காட்டுச் சாலைகளுக்கு அனுப்பியிருந்தால், மியூஸ் கரையில் ஜெர்மானியத் தளபதி குடேரியனின் டாங்கிகள் வந்து நிற்கப் பல நாட்கள் தாமதமாகியிருக்கும். அந்தச் சில நாட்கள் போதும், செடானுக்குப் பின்னால் வலுவான அணிவகுப்பை நிறுத்த. மே 13 அன்று நதி கடக்கப்பட்டது. மே 20 அன்று டாங்கிகள் கடற்கரையை எட்டின. ஜூன் 14 அன்று பாரிஸ் விழுந்தது. ஜூன் 22 அன்று போர்நிறுத்தக் கையெழுத்து.

இங்கே சற்று நின்று, சிலாங்கூருக்கும் பிரான்சுக்கும் இருந்த பழைய உறவைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை தொலைதூரக் கதையாகவே இருந்துவிடும். ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயா வந்து, கோலசிலாங்கூர்ப் பக்கம் ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியதும் அவருடைய முயற்சியால்தான். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். முதல் உலகப்போர் வந்ததும் தோட்ட முதலாளி பிரெஞ்சுப் படைவீரரானார், ஜெர்மனியரோடு போரிட்டார். தப்பிப் பிழைத்து, மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் உயர்ந்த கொன்கூர் விருதைப் பெற்றார். ஜெர்மனியும் பிரான்சும் நம் கடலிலேயே மோதிய நாளும் உண்டு. 1914 அக்டோபர் 28 அதிகாலையில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, வெளியேறும்போது மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. ஆகவே அந்த இரண்டு நாடுகளின் சண்டை நம் வாசலுக்கு வந்தது 1940இல் முதன்முறை அன்று. ஆனால் 1940இல் அது வாசலோடு நிற்கவில்லை.

எப்படி உள்ளே வந்தது? வழி இந்தோசீனா. இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா. அன்று பிரெஞ்சுக் குடியேற்ற நாடு. பாரிஸ் விழுந்து ஐந்தாவது நாள், ஜூன் 19 அன்று, டோக்கியோ ஒரு கோரிக்கை வைத்தது: சீனாவுக்குச் சரக்குப் போகும் யுன்னான் ரயில்பாதையை மூடு. இந்தோசீனாவின் ஆளுநர் கத்ரூ லண்டனிடமும் அமெரிக்காவிடமும் உதவி தேடினார், கிடைக்கவில்லை. மறுநாளே பாதையை மூட ஒப்புக்கொண்டார். பிறகு அவர் நீக்கப்பட்டு, ஜெர்மனிக்குப் பணிந்து பிரான்சில் அமைந்த விஷி அரசுக்குக் கட்டுப்பட்ட கடற்படைத் தளபதி தெகூ அந்த இடத்துக்கு வந்தார். செப்டம்பரில் ஜப்பானியப் படை வட இந்தோசீனாவுக்குள் நுழைந்தது. 1941 ஜூலை கடைசியில் தென் இந்தோசீனாவும் கைமாறியது. சைகோன், தூ தாவ் மோட், சோக் திராங் ஆகிய இடங்களின் விமானத் தளங்களும், காம் ரான் விரிகுடாவும் ஜப்பான் வசமாயின.

வரைபடத்தை மனத்தில் விரித்துப் பாருங்கள். ஜப்பானியரிடம் அதற்கு முன்பே இருந்த ஹைனான் தீவிலிருந்து கோத்தா பாருவுக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர். சைகோனிலிருந்து அதில் பாதி. இந்தோசீனாவின் தென்முனையிலிருந்து இன்னும் குறைவு. அன்றைய போர்விமானங்களின் எரிபொருள் கணக்கில் இந்த வேறுபாடுதான் படையெடுப்பு நடக்கக்கூடியதா இல்லையா என்பதையே தீர்மானித்தது. 1941 டிசம்பர் 8 நள்ளிரவு கடந்து கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கினார்கள், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கும் சற்று முன்னதாக. டிசம்பர் 10 அன்று 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரு பெரும் போர்க்கப்பல்களைக் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடித்தவை தென் இந்தோசீனத் தளங்களிலிருந்து பறந்துவந்த விமானங்கள். 840 மாலுமிகள் மாண்டனர். செடான் வீழாமல் இருந்திருந்தால் அந்த விமானங்களுக்கு அந்த ஓடுபாதைகள் கிடைத்திருக்காது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூரைக் காப்பது பற்றிப் பிரிட்டன் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒரே வாக்குறுதி, ஆபத்து வந்தால் பெரும் கடற்படையை அனுப்புவோம் என்பது. அது நடக்க வேண்டுமானால் மத்தியதரைக் கடலை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது, பிரெஞ்சுக் கடற்படை. பிரான்ஸ் சரிந்ததும், ஜூன் 10 அன்று இத்தாலியும் போரில் குதித்ததும், பிரிட்டன் தனியாக அந்தக் கடலைக் காக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூருக்குக் கப்பல் இல்லை. இந்த உண்மையை 1940 ஆகஸ்டில் லண்டன் போர்த்தலைமை ஓர் இரகசிய அறிக்கையாகவே எழுதியது. அந்த அறிக்கை 'ஆட்டோமெடான்' என்ற சரக்குக் கப்பலில் சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்தபோது, நவம்பர் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 'அட்லாண்டிஸ்' என்ற ஜெர்மானியக் கப்பல் அதைப் பிடித்தது. தாள்கள் டோக்கியோவுக்குப் போய்ச் சேர்ந்தன. மலாயாவில் காவல் இல்லை என்பதை மலாயா மக்கள் அறிவதற்கு ஓராண்டுக்கு முன்பே ஜப்பானியத் தலைமை அறிந்திருந்தது. லண்டனில் இருந்தவர்கள் கடற்படைக்குப் பதிலாக விமானம் தருவோம் என்றார்கள். 336 தேவை என்று அவர்களே கணக்கிட்டார்கள். போர் தொடங்கியபோது இருந்தவை 158. டாங்கி ஒன்றுகூட இல்லை.

ஆகவே என் முதல் விடை இது. பிரான்ஸ் வென்றிருக்க வேண்டிய அவசியம்கூட நமக்கு இல்லை. ஆர்டென் நெரிசல் சில நாட்கள் நீடித்து, 1914ஐப் போல ஒரு முட்டுக்கட்டைப் போராக மாறியிருந்தாலே போதும். அதுவும் வேண்டாம், நாடு விழுந்தபின்னும் பிரெஞ்சுப் பிரதமர் ரெய்னோவின் அரசு பதவி விலகாமல் அல்ஜியர்ஸுக்குப் போயிருந்தாலும் போதும். இந்தோசீனா நேசநாட்டு மண்ணாக இருந்திருக்கும். கத்ரூ பதவியில் இருந்திருப்பார். ஜப்பான் அதை எடுக்க வேண்டுமானால் சண்டையிட்டே எடுக்க வேண்டும். அப்படிச் சண்டையிட்டிருந்தால், 1941 ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த சொத்து முடக்கமும் எண்ணெய்த் தடையும் முன்கூட்டியே வந்திருக்கும். ஜப்பான் சும்மா இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சீனாவில் அதன் கை சிக்கியிருந்தது, எண்ணெய் வேண்டியிருந்தது, அதன் தளபதிகளின் பசி பெரிது. என்றாலும் 1941 டிசம்பரில், அந்த வேகத்தில், 70 நாட்களில் சிங்கப்பூர்வரை ஓடிவரும் போர் நடந்திருக்க முடியாது. சிலிம் ரிவரில் ஜனவரி 7 அன்று முப்பது டாங்கிகளை வைத்துக்கொண்டு ஒரு படைப்பிரிவையே நொறுக்கியது, ஜனவரி 11 அன்று கோலாலம்பூருக்குள் நடந்து வந்தது, இவையெல்லாம் வேறொரு உலகத்தின் நிகழ்ச்சிகளாகிவிடும்.

இனி நம் மக்களுக்கு வருவோம். நான் இங்கு வந்ததே இதைச் சொல்லத்தான்.

1941 தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரம் எப்படி இருந்தது? ஐரோப்பியப் போரால் ரப்பருக்கும் ஈயத்துக்கும் தேவை கூடியது. அமெரிக்கா கிடங்கு கிடங்காக ரப்பர் வாங்கிச் சேர்த்தது. விலை ஏறியது. தோட்டத்து நாள்கூலி மட்டும் ஆணுக்கு ஐம்பது காசைச் சுற்றியே நின்றது. 1938 ஜூனில் இந்திய அரசு உதவியுடன் கூடிய தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தியிருந்ததால், புதிய ஆட்களும் வரவில்லை. அந்தச் சூழலில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் எழுந்தது. 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளை இன்றைக்குப் படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதற்கு ஈடான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான தமிழ்ப் பள்ளி, நல்ல மருத்துவம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரைமாரும் அவர்களுக்குக் கீழிருந்தவர்களும் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையைக் குறைக்கச் சொன்னார்கள். உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை கேட்டார்கள். பொழுது புலரும் முன்பே பெரட்டுக் களத்தில் கைகட்டி நின்று பேர் கொடுத்த மனிதர்கள், தாங்கள் எப்படி வாழ வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாமே எழுதிய பட்டியல் அது.

மார்ச், ஏப்ரலில் வேலைநிறுத்தம் பரவியது. மே 5 அன்று நாதன் கைது செய்யப்பட்டார். கிள்ளானிலிருந்து மற்ற மாவட்டங்களுக்கும் கொந்தளிப்பு பரவியது, மே நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தொழிலாளிகளை அடக்க இந்தியப் படைவீரர்களையே அனுப்பினார்கள். ஐந்து பேர் சுடப்பட்டு மாண்டார்கள். நாதன் நாடுகடத்தப்பட்டார், பலர் சிறை வைக்கப்பட்டார்கள், பலர் கப்பலேற்றப்பட்டார்கள். ஐரோப்பாவில் போர் நடக்கிறது, ரப்பர் போர்ப் பொருள், அதை நிறுத்துவது துரோகம் என்பதே ஆட்சியாளர் சொன்ன காரணம். ஏழு மாதம் கழித்து அதே துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு சிங்கப்பூர் பக்கம் ஓடினார்கள். தொழிலாளி லயத்திலேயே விடப்பட்டான்.

இந்த இடத்தில் ஒரு கருத்தை நான் எதிர்க்க வேண்டியிருக்கிறது. ஜப்பான்காரன் வந்ததால்தான் நமக்கு அரசியல் விழிப்பு வந்தது, நேதாஜி வந்ததால்தான் தோட்டத்து மனிதன் தலை நிமிர்ந்தான் என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். நேதாஜியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. 1943 ஜூலையில் அவர் சிங்கப்பூரில் இறங்கியபின், நம் தோட்டங்களிலிருந்து போன பெண்கள் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். இதே கோலாலம்பூரில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன் அந்தப் படையின் உயர் அதிகாரியாகி, பின்னாளில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதன் தொடக்ககாலத்தவர்களில் ஒருவரானார். அந்தப் பெண்களின் வீரத்தில் ஓர் அணுவையும் நான் குறைக்கமாட்டேன். ஆனால் விழிப்பு 1943இல் தொடங்கியது என்றால், 1941 கிள்ளானை எங்கே வைப்பது? சைக்கிளில் அமர்ந்தபடியே துரையைக் கடந்துபோக உரிமை கேட்டவன் ஏற்கெனவே நிமிர்ந்தவன்தான்.

மாற்று வரலாறு எனக்கு இங்கேதான் பயன்படுகிறது. பிரான்ஸ் நிலைத்திருந்தால் இந்திய தேசிய ராணுவம் மலாயாவில் தோன்றியிருக்காது, அது உண்மை. ஆனால் கிள்ளான் சங்கம் அழிந்திருக்குமா? அடி வாங்கியிருக்கும். நாதனை அப்போதும் அனுப்பியிருப்பார்கள். 1914இல் தொடங்கிய போர்போல் நீண்ட போர் நடந்திருந்தால் ரப்பர் மீதான கெடுபிடியும் நீடித்திருக்கும். இதில் நான் எந்த மயக்கத்தையும் உங்களுக்குத் தரவில்லை: வெள்ளைக்காரன் ஆட்சியில் தோட்டம் சொர்க்கமாகியிருக்காது. ஆனால் ஆட்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். சங்கத்தை மறுபடி கட்டக்கூடிய இளைஞர்கள், மூன்றரை ஆண்டு பசியிலும் சயாம் காட்டிலும் கரைந்துபோகாமல், கிள்ளானிலேயே இருந்திருப்பார்கள். அதற்குப் பின்னால் வந்ததும் மாறியிருக்கும். ஜப்பானியரை எதிர்க்கக் காட்டுக்குள் ஆயுதம் ஏந்திய படை உருவாகியிருக்காது. அது உருவாகாவிட்டால், அந்தப் படையிலிருந்து வந்தவர்கள் பின்னர் பிரிட்டிஷாரை எதிர்த்து ஆயுதம் ஏந்திய 1948 அவசரகாலம் அந்த வடிவத்தில் வந்திருக்காது. அந்த அவசரகாலச் சட்டப்படிதான் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கயிறுவரை இந்தச் சங்கிலி நீள்கிறது என்பது என் முடிவு.

சயாமுக்கு வருகிறேன்.

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், அந்த ரயில்பாதை ஏன் போடப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1942 தொடக்கத்தில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்த படைக்குச் சோறும் தோட்டாவும் அனுப்ப மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கடல்வழி போக வேண்டும். அந்தக் கடலில் நேசநாட்டு நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அதனால் தாய்லாந்தின் பான் பொங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியூசயாட்வரை, மலையும் காடும் வெட்டி, 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று முடித்துவிட்டார்கள். தண்டவாளத்துக்கு மலாயாவின் பாதைகளையே பிடுங்கினார்கள், கிழக்குக் கரைப் பாதையின் பகுதிகளும் மலாக்காக் கிளைப்பாதையும் அப்படிப் போயின. இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக் குடும்பங்களின் ஊர். தகப்பன்மார் போட்டுப் பராமரித்த இரும்பைப் பெயர்த்து, பிள்ளைகளின் தோளில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பியதுபோல் ஆயிற்று.

ஆள் எங்கிருந்து வந்தது? போர்க்கைதிகள் 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அது போதவில்லை. மலாயாத் தோட்டங்களில் ரப்பருக்கு இனி சந்தை இல்லை, ஏற்றுமதி நின்றுவிட்டது, வேலையில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். துரை ஓடிவிட்டாலும் பேர்ப்பட்டியல் அலுவலகத்தில் இருந்தது. இத்தனை ஆள் வேண்டும் என்று உத்தரவு வரும், கிராணியும் கங்காணியும் கணக்குக் காட்டியாக வேண்டும். முதலில் ஆசை வார்த்தை: நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பலாம். போனவர்கள் திரும்பாததைப் பார்த்து மக்கள் பயந்தபிறகு, பிடிப்பதுதான் வழியாயிற்று. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைப் பூட்டி, அப்படியே சரக்கு ரயிலில் ஏற்றிய கதைகள் பல ஊர்களில் இருக்கின்றன.

மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேல் போனார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு, அவர்களில் மிகப்பெரும் பகுதி தமிழர்கள். பர்மியர் உள்பட எல்லா ஆசியத் தொழிலாளரையும் சேர்த்தால் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். போர்க்கைதிகளுக்கு மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பேர் எழுதிவைக்க ஆள் இருந்தார்கள். நம் மக்களுக்கு இவை எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். உயிர் போகும் முன்பே குழியில் தள்ளப்பட்டவர்களைப் பற்றிப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்று காஞ்சனபுரிக்குப் போனால் சுமார் 7,000 போர்வீரர் கல்லறைகள் பேரோடும் வயதோடும் புல்வெளியில் வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு பேர்க்கல்லும் இல்லை.

இந்தப் பாதையைப் பற்றி உலகம் அறிந்த நாவலை எழுதியவரும் சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதை நினைத்துப் பாருங்கள். பியர் பூல். 1936இல் மலாயா வந்தவர். நாடு விழுந்தபின் சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனாவில் விஷி அரசின் கையில் சிறைப்பட்டவர். க்வாய் நதிப் பாலம் பற்றிய அவர் நாவல் 1952இல் வந்தது, படம் 1957இல். அவர் தமிழ்த் தொழிலாளிகளை நாள்தோறும் கண்டவர். ஆனால் அவர் கதையின் நடுவில் நிற்பவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். நம் பக்கத்துக் கதையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் தமிழில் நாவலாக எழுத வேண்டியிருந்தது. கைதட்டலுக்காகச் சொல்லவில்லை, இந்த அவையில் இருக்கும் இளைஞர்கள் அந்த இரு நூல்களையும் தேடிப் படிக்க வேண்டும்.

எண்ணிக்கை இன்னொன்று. 1931 கணக்கெடுப்பில் சிங்கப்பூர் உள்பட மலாயாவில் இந்தியர் 6,20,000 பேர் அளவில் இருந்தார்கள். 1947இல் ஆறு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பதினாறு ஆண்டுகளில் ஒரு சமூகம் வளரவில்லை, தேய்ந்திருக்கிறது. 1930களின் மந்தத்தில் திருப்பி அனுப்பியது, 1938 தடை இவையும் அதற்குக் காரணம். ஆனால் போர் இல்லாமல் இருந்திருந்தால், பிறந்திருக்க வேண்டிய குழந்தைகள், வளர்ந்திருக்க வேண்டிய வீடுகள் என்று கணக்குப் போடும்போது அந்த இரு எண்களுக்கிடையில் இருக்கும் பள்ளம் இன்னும் பெரிது.

ஆர்டென் காட்டில் தேங்கி நின்ற வண்டிகளை விமானி பார்த்துச் சொன்னது, அதிகாரி நம்ப மறுத்தது, கத்ரூவுக்கு யாரும் உதவாதது, லண்டன் விமானக் கணக்கைப் பாதியில் நிறுத்தியது, கிள்ளானில் பேச வந்த மனிதரைக் கப்பலேற்றியது, பேர்ப்பட்டியலைத் தோட்டத்து அலுவலகத்திலேயே விட்டுப் போனது, கடைசியில் ஒரு கிராணி அதைத் திறந்து விரல் வைத்தது. இவற்றில் எதையும் தலையெழுத்து என்று நான் ஏற்கமாட்டேன்.

ஒரு வேண்டுகோள். நடக்காததை ஆராய்வதற்கு நடந்தது முதலில் எழுத்தில் இருக்க வேண்டும். மெக்கெலனில் இறங்கிய விமானத்தில் இருந்தவர்களின் பேர்கூட ஐரோப்பிய நூல்களில் இருக்கிறது. நம்மிடம் அப்படி இல்லை. உங்கள் குடும்பத்திலிருந்து யாராவது சயாமுக்குப் போயிருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் மூத்தவர்களிடம் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த மாதம், யாரோடு போனார், எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், திரும்பியவர் யார், திரும்பாதவர் பற்றி அவர் என்ன சொன்னார். தெரிந்தது ஒரு வரியாக இருந்தாலும் எழுதுங்கள், தேதி போடுங்கள், சொன்னவர் பேரையும் சேருங்கள். இன்றே சொல்லக்கூடியவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடையின் இடப்பக்கம் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பேன். நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஒவ்வொருவராக வாருங்கள்.